விரல் நுனியில் ஒன்பதாம் கட்டளை

இறையியல் கல்லூரியில் இன்று பட்டம் பெறும் தம்பி தங்கைகளே,

கிரேக்கமும் எபிரேயமும் படித்துத் தேறிவிட்டீர்கள். பிரசங்கம் தயாரிக்கவும், திருமண ஆராதனையும் அடக்க ஆராதனையும் நடத்தவும் பழகிவிட்டீர்கள். இனி உங்களில் பலர் ஏதோ ஒரு குருசேகரத்தில் போய்ச் சேர்வீர்கள். போன அன்றைக்கே சபையின் வாட்ஸ்அப் குழுவில் உங்களைச் சேர்த்துவிடுவார்கள். வாலிபர் ஐக்கியத்துக்கு ஒரு குழு, பெண்கள் ஐக்கியத்துக்கு ஒன்று, பாடகர்களுக்கு ஒன்று, உபவாச ஜெபத்துக்கு ஒன்று என்று அது பெருகும். ஞாயிறு காலை உங்கள் முன் அமர்ந்து செய்தி கேட்கும் மக்கள், மற்ற ஆறு நாளும் அந்தக் குழுக்களில்தான் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொண்டிருப்பார்கள். அங்கே நீங்கள் எப்படி நடந்துகொள்ளப் போகிறீர்கள் என்பதைப் பற்றித்தான் இன்று பேச விரும்புகிறேன். நான் சொல்ல வந்தது ஒன்றே: பொய்ச்சாட்சியைத் தடுக்கிற ஒன்பதாம் கட்டளை, நாவுக்கு இட்ட கட்டளை மட்டுமல்ல, செல்போனைத் தொடும் விரலுக்கும் இட்ட கட்டளை.

புதிய கருவியைக் கண்டு தமிழ்க் கிறிஸ்தவம் பின்வாங்கியதில்லை. முத்துக்குளித்துறை மக்களிடையே ஊழியம் செய்த அண்டிரிக்கி அடிகளாரின் ‘தம்பிரான் வணக்கம்’ 1578-இல் கொல்லத்தில் அச்சானது. மொத்தமே 16 பக்கம்தான். ஆனாலும் தமிழ் எழுத்தில் இந்திய மண்ணில் அச்சேறிய பழைய நூல்களில் அதற்கே முதலிடம். தரங்கம்பாடியில் 1706-இல் வந்திறங்கிய மிஷனரி சீகன்பால்கு, ஜெர்மனியின் ஹாலே நகரில் வார்த்த தமிழ் எழுத்துகளை வரவழைத்தார். அவை பெரிதாக இருந்ததால் காகிதம் போதவில்லை. சிறிய எழுத்துகளைத் தரங்கம்பாடியிலேயே வார்த்து, 1715-இல் புதிய ஏற்பாட்டை முழுமையாக அச்சிட்டு முடித்தார்கள். காகிதத் தட்டுப்பாட்டைச் சமாளிக்கப் பக்கத்துப் பொறையாறில் காகித ஆலையே தொடங்கினார்கள். யாழ்ப்பாணத்தில் அமெரிக்க மிஷன் 1841-இல் ‘உதயதாரகை’ இதழைத் தொடங்கியது. பின்னால் வானொலி வந்தது, ஒலிநாடா வந்தது, தொலைக்காட்சி வந்தது. ஒவ்வொன்றையும் நம்மவர்கள் ஆவலோடு கையில் எடுத்தார்கள். எனவே செல்போனை விலக்கி வைக்கச் சொல்லி உங்களிடம் பேச வரவில்லை.

ஆனால் அந்தக் கால அச்சுக்கூடத்தில் ஒரு கட்டுப்பாடு தானாகவே இருந்தது. ஒரு பக்கத்தை எழுத்து எழுத்தாகக் கோர்க்க வேண்டும். மெய்ப்புப் பார்க்க வேண்டும். காகிதத்துக்கும் மைக்கும் காசு தேட வேண்டும். ஒரு வாக்கியம் மக்கள் கைக்குப் போவதற்குள் பலர் அதைப் பலமுறை படித்திருப்பார்கள். இன்று ஒருவர்கூடப் படிக்காமல் ஒரு செய்தி ஊர் முழுக்கப் போய்விடுகிறது. வேலை குறைந்ததில் வருத்தமில்லை. வேலையோடு சேர்ந்து பொறுப்பும் குறைந்துவிட்டது என்பதுதான் என் கவலை.

ஓர் உதாரணம் சொல்கிறேன். 2010-ஐ ஒட்டிய ஆண்டுகளில் உலகமெங்கும் சபைகளுக்கு அவசர ஜெபக்குறிப்பு ஒன்று வந்தது. இந்தியாவில் பௌத்தத் தீவிரவாதிகள் 20 ஆலயங்களைக் கொளுத்திவிட்டார்கள். ‘ஒலிசாபாங்’ என்ற மாநிலத்தில் இன்னும் 200 ஆலயங்களை அழிக்கப் போகிறார்கள். 24 மணி நேரத்துக்குள் 200 மிஷனரிகளைக் கொல்லப் போகிறார்கள். உடனே ஜெபியுங்கள், எல்லாருக்கும் அனுப்புங்கள் என்றது அந்தக் குறிப்பு. அப்படி ஒரு மாநிலம் இந்தியாவில் இல்லை. பள்ளிக்கூடப் பிள்ளை வைத்திருக்கும் வரைபடத்தைப் பார்த்திருந்தாலே தெரிந்திருக்கும். ஆண்டுகள் கடந்தும் அது சுற்றிக்கொண்டே இருந்தது. அனுப்பியவர்கள் கெட்டவர்கள் அல்லர். முழங்காலில் நின்று கண்ணீரோடு ஜெபித்தவர்கள். நல்ல எண்ணத்தோடு பரப்பினால் பொய் உண்மையாகிவிடாது என்பதை அவர்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. அதைச் சொல்லித் தர வேண்டிய இடத்தில் இனி நீங்கள் இருக்கிறீர்கள்.

அந்தப் பொய்யால் என்ன கெட்டுவிட்டது, ஜெபம்தானே செய்தார்கள் என்று கேட்கக்கூடும். அந்தக் குறிப்பு பரவுவதற்குச் சற்று முன்னால், 2008 ஆகஸ்டில், ஒடிசாவின் கந்தமாலில் கிறிஸ்தவர்களுக்கு எதிரான கலவரத்தில் உண்மையாகவே வீடுகள் எரிந்தன, ஆலயங்கள் இடிந்தன, ஆயிரக்கணக்கானோர் காட்டுக்குள் ஓடி ஒளிந்தார்கள். அங்கிருந்து வந்த ஒரு விதவையின் வாக்குமூலத்தை நீதிமன்றமும் நாடும் நம்ப வேண்டும். கிறிஸ்தவர்கள் கட்டுக்கதைகளையும் அதே குரலில் பரப்புகிறவர்கள் என்று பெயர் வாங்கிவிட்டால், அவள் சொல்லும் உண்மையையும் உலகம் சந்தேகத்தோடுதான் கேட்கும். நாம் பரப்பிய பொய்க்கு அவள் விலை கொடுக்கிறாள்.

மணிப்பூரில் 2023-இல் நடந்ததை இன்னும் கவனமாகப் பாருங்கள். மே 3 அன்று இரு சமூகங்களுக்கிடையே கலவரம் மூண்டது. மணிப்பூருக்கு வெளியே அதற்கு முந்தைய ஆண்டு கொலையுண்ட ஒரு பெண்ணின் உடலைக் காட்டும் படத்தை, மணிப்பூரில் எதிர்த்தரப்பார் கொன்ற பெண் என்று சொல்லிப் பரப்பினார்கள். அது பொய். அந்தப் பொய் பரவிய வேளையில்தான் குக்கி பழங்குடிப் பெண்கள் மீது ஒரு கும்பல் பாய்ந்தது. இணையம் முடங்கியது. அந்தப் பெண்களுக்கு நேர்ந்த கொடுமை, ஜூலை 19 அன்று ஒரு வீடியோ வெளியானபோதுதான் நாட்டுக்குத் தெரிந்தது. மறுநாளே உச்ச நீதிமன்றம் தானாக முன்வந்து அதைக் கையில் எடுத்தது. ஒரே கருவி ஒரு கொடுமையைத் தூண்டவும் உதவியது, அதே கொடுமையை மறைக்க முடியாமல் செய்யவும் உதவியது. அந்த வீடியோவைப் பார்த்த அன்று, அந்தப் பெண்களின் முகத்தைக்கூட மறைக்காமல் கிறிஸ்தவக் குழுக்களிலும் பலர் பகிர்ந்தார்கள். ‘நம்முடைய சகோதரிகள்’ என்று எழுதித்தான் பகிர்ந்தார்கள். சொந்தத் தங்கையாக இருந்தால் அந்தப் படத்தை அனுப்பியிருப்பார்களா? நீதிக்காகப் பேசும்போதும் பாதிக்கப்பட்டவரின் மானத்தைக் காக்க வேண்டும். பரபரப்பான அந்த ஒரு மணி நேரத்தில் குழுவை நிறுத்தி இதைச் சொல்லத் துணிவுள்ள ஒருவர் வேண்டும்.

தூரத்து மாநிலம் என்று நினைக்காதீர்கள். 2018 மே மாதம், நம்முடைய திருவண்ணாமலை மாவட்டத்தில் போளூர் அருகே, குலதெய்வக் கோயிலுக்கு வந்த வயதான பெண்மணி பிள்ளைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார். பிள்ளை பிடிக்க வந்தவர் என்று ஊரார் அவரை அடித்தே கொன்றார்கள். வாட்ஸ்அப்பில் அப்போது உலவிய வதந்திதான் காரணம். இதுபோன்ற கொலைகள் பல மாநிலங்களில் நடந்த பிறகு, அந்த ஆண்டு ஜூலையில் வாட்ஸ்அப் நிறுவனம் இந்தியாவில் ஒரு செய்தியை ஒரு நேரத்தில் ஐந்து உரையாடல்களுக்கு மேல் அனுப்ப முடியாமல் செய்தது. ஒரு வணிக நிறுவனம் தன் பயனாளர்களின் விரலைக் கட்டிப்போட வேண்டியிருந்தது. சீனாய் மலையில் பெற்ற கட்டளையைக் கையில் வைத்திருக்கிற நமக்கு அந்தப் பூட்டு தேவைப்பட்டிருக்கக் கூடாது.

இனி சபைக்குள் வருவோம். உங்கள் ஜெபக்குழுவில் விண்ணப்பங்கள் வரும். ‘இன்னார் மகளுக்காக ஜெபியுங்கள், மனநோய் மருத்துவரிடம் காட்டுகிறார்கள்’ என்று ஒருவர் எழுதுவார். அன்பினால்தான் எழுதுவார். இரவுக்குள் அது பத்துக் குழுக்களுக்குப் போயிருக்கும். இப்படிப் பரவிய ஒரு ஜெப விண்ணப்பத்தால் ஒரு பெண்ணின் திருமணப் பேச்சு நின்றுபோனதை நான் அறிவேன். அந்தக் குடும்பம் சபைக்கு வருவதையே விட்டுவிட்டது. எந்தச் சபை, எந்த ஊர் என்று சொல்ல மாட்டேன். சொன்னால் நானும் அதே தவறைச் செய்தவனாவேன். ஆயரிடம் அழுதுகொண்டே சொன்ன விஷயம் ஆயரின் அறையைத் தாண்டக் கூடாது என்று உங்களுக்கு இங்கே கற்றுத்தந்திருக்கிறார்கள். அந்த விதி குழுவிலும் மாறாது. நோயாளி சம்மதிக்காமல் அவர் பெயரும் நோயும் குழுவில் வரக் கூடாது. பெயர் சொல்லாமல் ஜெபிக்கவும் முடியும். யாருக்காக என்று கர்த்தருக்குத் தெரியும்.

அற்புத வீடியோக்களைப் பற்றியும் பேசியாக வேண்டும். ஊன்றுகோலை எறிந்துவிட்டு நடப்பவரைப் பல கோணங்களில் படம் பிடித்து, இசை சேர்த்து, தலைப்பு வைத்து வெளியிடுகிறார்கள். ‘ஆமென் என்று எழுதுங்கள், பகிருங்கள்’ என்று கீழே ஒரு வரி. சுவிசேஷங்களைத் திரும்பப் புரட்டிப் பாருங்கள். தேவாலயத்து உப்பரிகையிலிருந்து குதித்து எருசலேமையே வியக்க வைக்கச் சொன்னவன் சோதனைக்காரன், ஆண்டவர் மறுத்துவிட்டார். யவீருவின் மகளை எழுப்பும்போது கூட்டத்தை வெளியே அனுப்பிவிட்டு, பெற்றோரையும் மூன்று சீஷரையும் மட்டும் உள்ளே வைத்துக்கொண்டார். அந்தப் பிள்ளைக்குச் சாப்பிடக் கொடுக்கச் சொன்னாரே தவிர, ஊருக்குச் சொல்லச் சொல்லவில்லை. மாற்கு முதல் அதிகாரத்தில் குஷ்டரோகி ஒருவன் அவர் தடுத்தும் கேளாமல் எங்கும் சொல்லித் திரிந்தான். விளைவாக அவர் பட்டணத்துக்குள் வெளிப்படையாகப் போக முடியாமல், வெளியே வனாந்தரமான இடங்களில் தங்க நேர்ந்தது. விளம்பரத்தால் ஊழியத்துக்கு வந்த தடையை மாற்கு மறைக்காமல் எழுதிவைத்திருக்கிறார். சுகம் பெற்றவர் தம் விருப்பத்தோடு, தம் வாயால், சபையில் சாட்சி சொல்லட்டும். மருத்துவர் கொடுத்த மாத்திரையையும் சேர்த்துச் சொல்லட்டும். அதைப் படம் பிடித்து ஆயரின் பெயரோடு சேர்த்து உலவவிடும் உரிமை நமக்கு யாரும் தரவில்லை.

தருமத்துக்கும் இதுவே பொருந்தும். 2023 டிசம்பரில் தென் மாவட்டங்களை வெள்ளம் சூழ்ந்தது உங்களுக்கு நினைவிருக்கும். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. ஸ்ரீவைகுண்டத்தில் நடுவழியில் நின்றுபோன திருச்செந்தூர் ரயிலில் நூற்றுக்கணக்கானோர் சிக்கிக்கொண்டார்கள். பக்கத்துப் புதுக்குடி ஊரார், தங்கள் ஊரையே வெள்ளம் சூழ்ந்திருந்த வேளையில், இருந்ததை வைத்துச் சோறாக்கிப் போட்டார்கள். வெள்ளம் வடிந்த பிறகு நிவாரண வண்டிகள் வந்தன. சபைகளும் நிறைய உதவின, அதில் நான் பெருமைப்படுகிறேன். ஆனால் ஐந்து கிலோ அரிசிப் பையை ஒரு மூதாட்டியின் கையில் கொடுத்து, பேனரைப் பின்னால் பிடித்து, அவரைக் கேமராவைப் பார்க்கச் சொன்ன படங்களும் நம் பக்கங்களில் வந்தன. மலைப்பிரசங்கத்தில் ஆண்டவர் கண்டித்த எக்காளம் இதுதான். நன்கொடை தந்தவர்களுக்குக் கணக்கு காட்ட வேண்டுமென்றால் ரசீதையும் பொருள் பட்டியலையும் காட்டுங்கள். வாங்கியவரின் முகம் கணக்கில் சேராது.

இதையெல்லாம் கேட்டு, சபைக்கு யூடியூப் வேண்டாம் என்று முடிவுகட்டிவிடாதீர்கள். 2020 மார்ச் 25 அன்று நாடு அடைபட்டது. ஏப்ரல் 10 பெரிய வெள்ளி, 12 ஈஸ்டர். ஆலயக் கதவுகள் மூடியே இருந்தன. தமிழ்நாட்டின் பெரிய ஆலயங்களில் செப்டம்பர் 1 வரை அந்த நிலை நீடித்தது. வெற்று இருக்கைகளுக்கு முன் நின்று செல்போனைப் பார்த்து ஆயர்கள் பிரசங்கித்தார்கள். படுத்த படுக்கையாக இருந்து பல ஆண்டுகளாக ஆலயம் காணாதவர்கள் அந்த வருஷம்தான் தங்கள் சபையின் பாட்டைக் கேட்டார்கள். துபாயிலும் மலேசியாவிலும் வேலை பார்க்கிற பிள்ளைகள் ஊர் ஆராதனையில் கலந்துகொண்டார்கள். அந்த நேரலையை நிறுத்தாதீர்கள், அவர்களுக்காக நடத்துங்கள். ஆனால் நேரலை பார்க்கிற பாட்டியை மாதம் ஒருமுறையாவது போய்ப் பாருங்கள், திருவிருந்தை எடுத்துக்கொண்டு போங்கள். யோவானின் இரண்டாம், மூன்றாம் நிருபங்களை எழுதிய மூப்பர், எழுத வேண்டியது நிறைய இருந்தும் மையையும் எழுதுகோலையும் நம்பாமல் நேரில் வந்து பேச ஆசைப்பட்டார். கடிதம் எழுதத் தெரிந்தவர்தான் அப்படி ஆசைப்பட்டார்.

இன்னொன்று: பிற சமயத்தார் வணங்குவதை இழிவாகப் பேசி வீடியோ போடும் போதகர்களைப் பின்பற்றாதீர்கள். உங்கள் பக்கத்து வீட்டுக்காரர் அதைப் பார்ப்பார். பார்த்த பிறகு நீங்கள் அன்பைப் பற்றி என்ன பேசினாலும் அவர் காதில் ஏறாது.

நீங்கள் பொறுப்பேற்கும் முதல் சபையில், முதல் மாதத்துக்குள், மூப்பர்களையும் வாலிபர்களையும் ஒன்றாக உட்காரவைத்துக் குழுவுக்குச் சில விதிகளை எழுதுங்கள். எங்கிருந்து வந்தது என்று தெரியாத செய்தியை யாரும் போடக் கூடாது. ஒருவரின் நோயும் கடனும் குடும்பச் சண்டையும் அவர் சம்மதமின்றி வரக் கூடாது. உதவி பெறுகிறவரின் படம் வரக் கூடாது. தவறான செய்தி வந்துவிட்டால், போட்டவர் ஆயராகவே இருந்தாலும், அதே குழுவில் அதே நாளில் திருத்தம் வர வேண்டும். அந்த விதிகளை வாசலில் ஒட்டுங்கள். முதல் கையெழுத்தை நீங்கள் போடுங்கள். உங்களை அனுப்பிவைக்கிற இந்தக் கல்லூரியின் சார்பிலும், உங்களுக்காகக் காத்திருக்கிற சபைகளின் சார்பிலும் உங்களிடம் நான் கேட்பது இதுதான்.