ஒரு பைசாவும் நிரல் பெயர்ப்பும்

கணினி செய்ய வேண்டிய வேலைகளை வரிசையாகச் சொல்லும் கட்டளைத் தொகுதியே நிரல் ஆகும். ஒரு நிரல்மொழியில் எழுதிய அத்தொகுதியை மற்றொரு நிரல்மொழிக்கோ மற்றொரு கணினிக்கோ மாற்றித் தரும் தொழில் இந்திய மென்பொருள் ஏற்றுமதியின் தொடக்கத்திலேயே இருந்தது. 1968-இல் தோன்றிய டாட்டா கன்சல்டன்சி சர்வீசஸ் நிறுவனம், 1974-இல் அமெரிக்காவின் பரோஸ் நிறுவனத்துக்காக மருத்துவமனை நிர்வாகத்துக்கான கோபால் மொழி நிரல்களை நடுத்தரக் கணினியிலிருந்து சிறிய கணினிக்கு ஏற்றவாறு மாற்றித் தந்தபோது, அந்த வேலை மும்பையில் வேறொரு நிறுவனத்தின் கணினியான ஐ.சி.எல். 1903-இல் நடந்தது.

கோபால் என்பது வணிகக் கணக்குகளுக்கென்றே 1959-இல் வடிவமைக்கத் தொடங்கப்பட்ட மொழி. வங்கிகளும் காப்பீட்டு நிறுவனங்களும் இன்றளவும் அதை விட்டுவிடவில்லை. 2020 ஏப்ரலில், வேலையிழந்தோர் உதவித்தொகைக்கு விண்ணப்பங்கள் குவிந்தபோது, கோபால் தெரிந்தவர்கள் முன்வர வேண்டும் என்று நியூ ஜெர்சி ஆளுநரே கேட்டுக்கொள்ள நேர்ந்தது. இத்தகைய நிரல்களை ஜாவாவுக்கோ பைத்தானுக்கோ மாற்றித் தரும் தானியங்கிக் கருவிகள் பல உள்ளன. அவை வாக்கிய அமைப்பை எளிதில் மாற்றிவிடுகின்றன என்றாலும், சிக்கல் இருப்பது வாக்கிய அமைப்பில் அன்று, இரு மொழிகளும் கணக்கிடும் முறையில்தான்.

இதற்கு ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். கொச்சியின் மட்டாஞ்சேரி யூதத் தெருவிலுள்ள ஒரு மண்டியின் பழைய கோபால் நிரல் கிலோ 615 ரூபாய் 50 காசு வீதம் 37.75 கிலோ மிளகுக்குப் பட்டியல் போடுவதாகக் கொண்டால், பெருக்கி வரும் தொகை 23,235.125 ரூபாய். காசுக்கு இரண்டே இலக்கம் ஒதுக்கிய கோபால், முழுமையாக்கு என்று தனியே கட்டளையிட்டால் 13 காசு என்று எழுதும். கட்டளையிடாவிட்டால் மிச்சத்தை வெட்டிவிட்டு 12 காசு என்று எழுதும். பைத்தானின் முழுமையாக்கும் கட்டளையோ, சரிபாதியில் நிற்கும் எண்ணை இரட்டைப்படை இலக்கத்தை நோக்கித் தள்ளுவதால், முழுமையாக்கச் சொல்லியும் 12 காசே தரும். கருவி ஒரு கட்டளைக்கு நேரான மறு கட்டளையைத்தான் இட்டது, பிழை என எதுவும் திரையில் தோன்றவில்லை. ஆயினும் இப்பட்டியலில் ஒரு பைசா குறைந்து, பேரேடு ஒத்துப்போகாது.

எனவே பெயர்ப்பின் அளவுகோல் புதிய நிரல் ஓடுகிறதா என்பது அன்று, பழைய நிரல் தந்த விடையையே தருகிறதா என்பதுதான். வரிக்கு வரி மாற்றியதால் ஜாவா உடையில் கோபாலாகவே நின்றுவிட்ட நிரலை நிரலாளர்கள் ஜோபால் என்று இகழ்வதுண்டு; அது படிப்பதற்குக் கடினம் என்பது உண்மையே. ஆனால் அழகாகத் திருத்தி எழுதப்பட்டு விடை பிசகும் நிரல் அதைவிடக் கேடானது, ஏனெனில் அதன் பிழையைத் தேட வேண்டும் என்ற எண்ணமே எவருக்கும் எழாது. இதற்காகவே இரண்டு நிரல்களுக்கும் ஒரே உள்ளீட்டைக் கொடுத்து, விளைவுகளைக் காசு பிசகாமல் ஒப்பிடும் இணை ஓட்டம் நடத்தப்படுகிறது. ஆண்டிறுதிக்கென எழுதப்பட்ட கட்டளைகள் மற்ற மாதங்களில் ஒருமுறைகூட இயங்குவதில்லை. ஆகையால் மார்ச் 31 கணக்கு முடிப்பு ஒன்றையேனும் இரண்டும் சேர்ந்து கடக்கும் வரை பழைய நிரலை நிறுத்தலாகாது.