214 கோடியும் ஒரு பம்பும்

ஒரே ஒரு எண்ணைப் பற்றிச் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுகிறேன்.

2,14,74,83,647. இரண்டின் 31-ஆம் அடுக்கில் ஒன்று குறைவு. பகா எண், அதிலும் மெர்சென் வகை. இதை 1772-இல் நிறுவியவர் ஆய்லர், அதுவும் கிட்டத்தட்டப் பார்வை போன நிலையில்! 46,340 வரையுள்ள பகா எண்கள் எல்லாவற்றாலும் வகுத்துப் பார்க்க வேண்டாம். 248-ஆல் வகுத்தால் மீதி 1 அல்லது 63 வருபவை மட்டும் போதும் என்று கண்டுகொண்டார். மூளை என்றால் அது.

இந்த எண் என் காலை வாரியது வேறு விதத்தில். குறி உள்ள 32 பிட் முழு எண்ணின் உச்சம் இதுதான். இன்னொன்று கூட்டினால் மைனஸுக்குப் போய்விடும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு தண்ணீர் பம்புக்கு புரோகிராம் எழுதினேன். நேரத்தை மில்லி செகண்டில் எண்ணினேன். டெஸ்டிங்கில் ஒரு குறையும் இல்லை. ஆனால் 25-ஆம் நாள் பம்பு நின்றுபோச்சு! ஆபரேட்டர் அண்ணன் ஆஃப் பண்ணி ஆன் பண்ணுவார், ஓடும். மறுபடி 25 நாளில் நிற்கும். மோட்டாரைக் குறை சொல்லி ஒன்றை மாற்றியும் விட்டோம். மூன்றாம் தடவைதான் பேப்பரும் பென்சிலுமாக உட்கார்ந்து வகுத்தேன்: 24 நாள், 20 மணி, 31 நிமிடம். தப்பு மோட்டாரில் இல்லை, என்னிடம்.

எனக்குத் துணை உண்டு. போயிங் 787 விமானத்திலும் இதே மாதிரிக் கோளாறு 2015-இல் வெளியானது. 248 நாள் தொடர்ந்து மின்சாரத்தில் இருந்தால் ஜெனரேட்டர் கட்டுப்பாடு நின்றுவிடுமாம்.

1970 முதல் செகண்டுகளை இந்த 32 பிட்டில் எண்ணும் கருவிகளுக்கு 2038 ஜனவரி 19, நம் நேரம் காலை 8:44:07-க்குக் கெடு. தம்பிகளே, இன்று நீங்கள் பொருத்தும் மீட்டரும் பேனலும் அன்றைக்கும் சுவரில் தொங்கிக்கொண்டுதான் இருக்கும். உள்ளே எத்தனை பிட் என்று கேட்டுவிட்டு வாங்குங்கள்.