இஸ்ஸிக் குல் கரையில் செப்டம்பர்



செப்டம்பர் பிறந்தால் கிர்கிஸ்தானின் மலை மேய்ச்சல் நிலங்கள் காலியாகத் தொடங்கிவிடும். கோடை தொடங்கும்போது மந்தையோடு மேலே போன குடும்பங்கள் ஒவ்வொன்றாக இறங்கி வருகின்றன. பெரும்பாலும் தாயும் பிள்ளைகளும்தான் முதலில் இறங்குவார்கள், பள்ளிக்கூடம் திறந்துவிடும் அல்லவா. ஆண்கள் இன்னும் சில வாரம் ஆடுகளோடும் குதிரைகளோடும் மேலேயே இருந்து, பனி கொட்டுவதற்குள் ஓட்டிக்கொண்டு வந்து சேர்வார்கள். மலையில் இருந்த வாழ்க்கை முழுவதும் ஊருக்குள் வந்து நிறைகிற இந்த மாதத்தைப் பற்றித்தான் இன்று உங்களோடு பேச விரும்புகிறேன்.

அந்த நாட்டில் பத்தில் ஒன்பது பங்கு மலை. கிழக்கே தியான் ஷான் மலைகளுக்கு நடுவே, ஏறத்தாழ 1,600 மீட்டர் உயரத்தில் இஸ்ஸிக் குல் ஏரி இருக்கிறது. கடல் போல் விரிந்த அந்த ஏரியில் லேசாக உப்புக் கரிக்கும். எவ்வளவு குளிரடித்தாலும் உறையாது. அதனால் கரையோரத்துக் குளிர் கொஞ்சம் மட்டுப்படுகிறது, பழமரங்கள் பிழைக்கின்றன. செப்டம்பரில் கரையோரச் சாலையில் போனால், வீட்டு வாசல்களில் ஆப்பிள் நிரம்பிய வாளிகள் வரிசையாக இருக்கும். வாளிக் கணக்கில்தான் வியாபாரம். விற்றது போக மிஞ்சியதை வில்லை வில்லையாக நறுக்கி வெயிலில் உலர்த்துவார்கள், சர்க்கரைப் பாகில் காய்ச்சிக் கண்ணாடி ஜாடிகளில் அடைத்து மூடுவார்கள். அடுத்த கோடை வரை தேநீருக்குத் துணை அதுதான்.

இந்த ஆப்பிள் வெளியிலிருந்து வந்த விருந்தாளி அல்ல. ஏரிக்கு வடக்கே உள்ள மலைத்தொடர்களைத் தாண்டினால் கஜகஸ்தானின் அல்மாத்தி நகரம். 1929இல் ரஷ்யத் தாவரவியலாளர் நிக்கோலாய் வாவிலோவ் அங்கே வந்தார். மலைச்சரிவுகளில் ஆப்பிள் மரங்கள் காடாகவே மண்டிக் கிடப்பதைப் பார்த்து, உலகத்து ஆப்பிளுக்கெல்லாம் தாய்வீடு இதுதான் என்ற முடிவுக்கு வந்தார். பல பத்தாண்டுகள் கழித்து மரபணு ஆய்வுகளும் அதையே சொல்லின. காஷ்மீரிலிருந்து லாரியேறி நம் ஊர்ப் பழக்கடைக்கு வருகிற ஆப்பிளுக்கும் பூர்வீகம் இந்த மலைகள்தான்.

சரி, ஒரு மலைக்காட்டுப் பழம் எப்படி இவ்வளவு தூரம் போனது? ஆக்ஸ்போர்டு தாவரவியலாளர் பாரி ஜூனிபர் இதற்குக் குதிரையைக் காட்டுகிறார். சதைக்குள் கிடக்கும்வரை ஆப்பிள் விதை எளிதில் முளைக்காது. குதிரை பழத்தைத் தின்றால், விதை அதன் வயிற்றைக் கடந்து சாணத்தோடு வேறோர் இடத்தில் விழும், குளம்படியில் மண்ணுக்குள் இறங்கும், பிறகு முளைக்கும். வணிகக் கூட்டங்கள் நடந்த வழியெல்லாம் ஆப்பிளும் நடந்தது என்பது அவர் கருத்து. எனக்கு மிகவும் பிடித்த விளக்கம் இது. மலையிலிருந்து இறங்கிய குதிரைக்கு மரத்தடியில் உதிர்ந்த பழம் இன்றைக்கும் விருந்துதான்.

மலையில் கோடை முழுவதும் பெண்குதிரையின் பாலை ஒரு நாளைக்குப் பலமுறை கறந்து, புளிக்கவைத்து, கிமிஸ் என்ற பானமாகக் குடித்தார்கள். இறங்கி வந்ததும் அந்தப் பருவம் முடிகிறது. இனி ரோமத்தின் பருவம்.

இலையுதிர் காலத்தில் கத்தரிக்கும் ஆட்டு ரோமம் குட்டையாக, மென்மையாக இருக்கும். ஒன்றோடொன்று நன்றாகப் பற்றிக்கொள்ளும். இதில்தான் ஃபெல்ட் எனப்படும் நெய்யாத கம்பளம் செய்கிறார்கள். ராட்டை கிடையாது, தறியும் கிடையாது. பெண்கள் சுற்றி உட்கார்ந்து மெல்லிய குச்சிகளால் ரோமத்தை அடிக்கிறார்கள். தூசி பறந்து ரோமம் பொங்கி எழுகிறது. அதை நாணல் போன்ற ஒரு புல்லில் பின்னிய பாய்மேல் பரப்பி, கொதிநீரைத் தெளித்து, பாயோடு சேர்த்து இறுக்கச் சுருட்டிக் கயிற்றால் கட்டுகிறார்கள். பிறகு அந்தச் சுருளை முன்னும் பின்னும் இழுப்பதும் காலால் மிதிப்பதுமாக வாசலே அமர்க்களப்படும். தெருப்பிள்ளைகளும் வந்து மிதிப்பார்கள். கடைசியில் பாயை உருவிவிட்டு, பெண்கள் மண்டியிட்டு முன்கைகளால் அழுத்தி அழுத்தி உருட்டுகிறார்கள். சூடும் ஈரமும் உராய்வும் சேரும்போது ரோமத்தின் மேலுள்ள நுண்ணிய செதில்கள் ஒன்றோடொன்று கோத்துக்கொள்கின்றன. பிறகு எவ்வளவு இழுத்தாலும் பிரியாது.

ஷிர்டாக் என்ற கம்பளம் இந்த ஃபெல்டில்தான் பிறக்கிறது. சிவப்பு ஒன்று, கறுப்பு ஒன்று என்று இரண்டு விரிப்புகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, சுண்ணக்கட்டியால் கோலம் வரைகிறார்கள். பெரும்பாலும் சுருண்ட ஆட்டுக்கிடாக் கொம்பு. கூர்மையான கத்தியால் இரண்டையும் ஒருசேர வெட்டுகிறார்கள். சிவப்பில் வெட்டிய கொம்பு கறுப்பின் பள்ளத்தில் போய் உட்காரும். கறுப்புக் கொம்பு சிவப்பில் உட்காரும். ஒரே வெட்டில் இரண்டு கம்பளங்கள், துண்டு துணுக்குகூட வீணாவதில்லை. இணைப்புகளின் மேல் முறுக்கிய கம்பளிக் கயிற்றை ஓட்டி, அடியில் தடித்த ஃபெல்ட் வைத்துத் தைக்கிறார்கள். பெரிய கம்பளமென்றால் குளிர்காலம் முழுவதும் அந்தத் தையல் நடக்கும். மகளுக்குச் சீராகக் கொடுப்பதும் இதைத்தான்.

2012இல் யுனெஸ்கோ இந்தக் கலையை, உடனடியாகக் காக்கப்பட வேண்டிய மரபுகளின் பட்டியலில் சேர்த்தது. செய்யத் தெரிந்தவர்களில் பெரும்பாலோர் நாற்பது வயதைக் கடந்துவிட்டார்கள், இளையவர்கள் வருவதில்லை, மலிவான செயற்கை இழைக் கம்பளங்கள் வீட்டுத் தரைகளைப் பிடித்துக்கொண்டன. இளையவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஒரு குளிர்காலம் முழுக்கக் குனிந்து தைத்த கைக்கு அதற்கேற்ற கூலி கிடைக்க வேண்டும். கோச்கோர் என்ற ஊரில் பெண்கள் கூட்டாகச் சேர்ந்து, இடைத்தரகர் இல்லாமல் தாங்களே விற்கிறார்கள். கலை பிழைப்பதற்கு அதுதான் வழி என்று நான் நம்புகிறேன்.

கிர்கிஸ்தானின் தலைநகர் பிஷ்கெக்கில் நம் பிள்ளைகள் பலர் மருத்துவம் படிக்கிறார்கள். உங்கள் வீட்டுப் பிள்ளை அங்கே இருந்தால், ஊருக்கு வரும்போது நாற்காலியில் போடுகிற அளவில் ஒரு சின்ன ஷிர்டாக் வாங்கி வரச் சொல்லுங்கள், பெட்டியில் அடங்கிவிடும். வாங்குமுன் திருப்பிப் பார்க்கச் சொல்லுங்கள். அடிப்பக்கத்தில் கைத்தையல் தெரிய வேண்டும். முடிந்தால் கடையில் வாங்காமல், தைத்தவர் கையிலேயே பணத்தைக் கொடுக்கட்டும்.