படம் பார்த்துக் கதை சொல்லுவோம்



"எழுதப் படிக்கத் தெரியாத நாங்கள் பிள்ளைக்கு எப்படிக் கதைப் புத்தகம் படித்துக் காட்டுவது, ஐயா?" சிலிபின் வட்டாரத்துப் பெற்றோர் பலர் எங்களிடம் கேட்கும் கேள்வி இது. படப் புத்தகத்தில் பாதிக் கதையைப் படமே சொல்லிவிடுகிறது. மீதியைச் சொல்ல உங்கள் வாய் போதும் என்பதே எங்கள் பதில்.

நம் நாட்டுச் சாங் கஞ்சில் கதையை எடுத்துக்கொள்வோம். சருகுமான் ஆற்றைக் கடக்க வேண்டும். ஆறு நிறைய முதலைகள். "அரசர் உங்களை எண்ணிவரச் சொன்னார், வரிசையாக நில்லுங்கள்" என்கிறது. எண்ணிக்கொண்டே முதலைகளின் முதுகில் தாவி அக்கரை சேர்கிறது. புத்தகம் மலாயில் இருந்தால் என்ன? ஒன்று, இரண்டு, மூன்று என்று தமிழில் எண்ணுங்கள். பிள்ளையும் சேர்ந்து எண்ணும்.

அதோடு நம் பாட்டிமார் சொன்ன குரங்கு கதையையும் சொல்லுங்கள். இருதயத்தை மரத்திலேயே வைத்துவிட்டு வந்ததாகச் சொல்லி முதலையிடமிருந்து தப்பிய குரங்கு அது. அந்தக் கதை பஞ்சதந்திரத்தில் உள்ளது. மலாக்காவில் பிறந்த முன்ஷி அப்துல்லா 1835-இல் பஞ்சதந்திரத்தைத் தமிழிலிருந்தே மலாய்க்கு மொழிபெயர்த்தார். நம்மிடமிருந்தும் கதை போயிருக்கிறது என்று பிள்ளைக்குத் தெரியட்டும்.

தப்பாகச் சொல்லிவிடுவோமோ என்று அஞ்ச வேண்டாம். சிவப்புத் தொப்பிச் சிறுமியின் கதையைப் பிரான்சில் பெரோ 1697-இல் அச்சிட்டபோது, ஓநாய் அவளை விழுங்கியதோடு கதை முடிந்தது. 1812-இல் ஜெர்மனியின் கிரிம் சகோதரர்கள் வெளியிட்ட கதையில் வேடன் வந்து காப்பாற்றினான். இன்றைய படப் புத்தகங்கள் சிலவற்றில் பாட்டி அலமாரிக்குள் ஒளிந்துகொள்கிறாள். சொல்கிறவருக்குத் தக்கபடி கதை மாறுவது உலக வழக்கம்.

ஆனால், சொல்லாத கதை செத்துப்போகும். லயத்து வாசலிலும் ஆயாக் கொட்டகையிலும் கேட்ட கதைகளில் பல எந்தப் புத்தகத்திலும் ஏறவில்லை. தோட்டங்கள் கைமாறி, குடும்பங்கள் பட்டணம் போய்ச் சேர்ந்தபின், அவை பெரியவர்களின் நினைவில் மட்டுமே இருக்கின்றன. அவர்களோடு அவை போய்விடலாமா?

ஆகவே, இரவு சாப்பாடு முடிந்ததும் கால்மணி நேரம் ஒதுக்குங்கள். ஏட்டைத் திருப்புமுன், "அடுத்து என்ன நடக்கும்?" என்று கேளுங்கள். நீதியை அவசரப்பட்டுச் சொல்லாதீர்கள், பிள்ளையே கண்டுபிடிக்கட்டும். மறுநாள் அதே படங்களைக் காட்டிப் பிள்ளை சொல்லட்டும், நீங்கள் கேளுங்கள். வீட்டில் தாத்தா, பாட்டி இருந்தால் அவர்களையும் பக்கத்தில் உட்கார வையுங்கள். ஒரு படத்தைக் கண்டதும் அவர்களுக்கு இன்னொரு கதை நினைவுக்கு வரும். அதைப் பிள்ளை ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி, பக்கத்தில் படமும் வரையட்டும். உங்கள் வீட்டுக் கதைக்கு அதுவே முதல் படப் புத்தகம்.