கடல் கடந்து கிளை நிறுவச் செல்வார்
(சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)

 

நாட்டுக்கோட்டை நகரத்தார் பர்மாவிலும் மலாயாவிலும் இலங்கையிலும் லேவாதேவி நடத்திய நாளில், முதலாளி தமக்காகக் கையொப்பமிடும் அதிகாரத்தைப் பத்திரத்தில் எழுதிக் கொடுத்து ஒரு மேலாளை அனுப்புவார். மூன்று வருஷம் ஒரு கணக்கு. மனைவி மக்கள் பெரும்பாலும் ஊரிலேயே இருப்பர். இலங்கையில் 1948இல் குடிவரவுச் சட்டம் இயற்றப்பட்ட பின்னர் முதலாளியின் பத்திரம் மட்டும் போதாதாயிற்று. அந்நாட்டுச் சர்க்காரின் அநுமதியும் வேண்டியதாயிற்று. ('முகவர்' என்னும் புதுச்சொல்லினும் 'மேலாள்' என்னும் பழவழக்கே நமக்கு இனிக்கிறது. அது நிற்க.)

இன்று பிரிட்டனிற் கிளை நிறுவ விழைவார் இரண்டு விதிகளைப் பிரித்தறிதல் வேண்டும். முன்னது 'தனிப் பிரதிநிதி' அநுமதி. கம்பெனியின் பெரும்பங்கைத் தாமே உடையவரல்லாத மூத்த உத்தியோகஸ்தர் ஒருவர் அதன்வழிச் சென்று, முதலில் மூன்று வருஷமும், பின் இரண்டு வருஷமும் தங்கி, ஐந்தாண்டு முடிவில் நிரந்தர வாசம் கோரலாயிருந்தது. 2022 ஏப்ரல் 11 முதல் இவ்வாயில் புதியவர்க்கு அடைபட்டது.

அதற்கீடாக வந்தது 'விரிவாக்கப் பணியாளர்' அநுமதி. அங்கே இன்னும் வியாபாரந் தொடங்காத அயல்நாட்டுக் கம்பெனிக்கே இது உரியது. கம்பெனி முதலில் அந்நாட்டுச் சர்க்காரிடம் ஆளழைக்கும் உரிமம் பெறல் வேண்டும். ஒரே காலத்தில் ஐவர் வரை அனுப்பலாம். செல்பவர், மிகப் பெருஞ் சம்பளத்தார் முதலிய சிலர் நீங்கலாக, அக்கம்பெனியில் ஓராண்டேனும் ஊழியம் செய்தவராதல் வேண்டும். தங்குங் காலமோ ஓராண்டு. நீட்டித்தாலும் மொத்தம் இரண்டாண்டே. நிரந்தர வாசத்திற்கு இது வழியன்று. தகுதியிருப்பின் வேறுவகை வேலை அநுமதிக்கு மாறலாம். ஆயினும் அது தனி விண்ணப்பம், தனிச் சோதனை.

இவ்வளவு விரித்துரைப்பதற்குக் காரணமுண்டு. அடைபட்ட பழைய விதியையே இன்றும் சொல்லி, "ஐந்தாண்டில் அந்நாட்டவர் ஆகிவிடலாம்" என்று ஆசைகாட்டிப் பணம் கேட்கும் தரகர் உளர். அச்சொல்லை நம்பிப் பூர்விக வீட்டை விற்க ஆயத்தமான ஒரு குடும்பத்தை நாம் அறிவோம். எந்த விதியின்கீழ் விண்ணப்பம் என்று தரகரை எழுத்தில் கேளுங்கள். எழுதித் தர மறுப்பாராயின் பணப்பையைத் திறவாதீர்கள்.

தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. பழைய மேலாள் மனைவியை ஊரில் விட்டுச் சென்றான். இன்றோ மனைவியும் மக்களும் உடன் செல்லலாம், மனைவி ஆங்கே உத்தியோகமும் பார்க்கலாம். ஆனால் பத்து வயதுப் பிள்ளை சென்றால் பன்னிரண்டு வயதில் திரும்பி வந்து, விட்ட பாடத்தையும் விட்ட தமிழையும் பிடிக்க வேண்டியிருக்கும். பள்ளி மாற்றுச் சான்றிதழ் வாங்குமுன், திரும்பி வந்தால் எந்த வகுப்பிற் சேர்ப்பார்கள் என்று தலைமையாசிரியரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.