சுரங்கம் 102



சென்ற ஆண்டு என் துணைவியார் மறைந்தார். நான்கு திங்களுக்குள் தில்லிக்கு மாற்றல் உத்தரவும் வந்தது. அலுவலகத்தில் கோப்புகள் உண்டு; ஞாயிற்றுக்கிழமையில் என்ன உண்டு? அதனாலேயே ஒரு புகைப்படக் கருவியுடன் கால்காவில் சிம்லா இரயில் ஏறினேன்.

1903-இல் திறக்கப்பட்ட இப்பாதை 96 கிலோமீட்டர் நீளமுடையது. வழக்கிலுள்ள சுரங்கங்கள் 102. மிக நீண்டதாகிய பரோக், ஒரு கிலோமீட்டருக்குச் சற்று மேல். நம் நீலகிரி இரயிலுக்குரிய பற்சக்கரம் இதற்கில்லை. வளைந்து வளைந்தே மலையேறுகிறது. ஆகவே பின்பெட்டியில் இருப்பவர் முன்பெட்டிகளைப் படம் பிடிக்கலாம்.

சுரங்கவாயிலைப் படமெடுப்பதுதான் கடினம். கருவியை இருளுக்கேற்ப விட்டால், வெளிச்சம் வந்ததும் படம் வெளிறிவிடும். ஒளியளவை வெளிப்புறத்திற்கென முன்னரே நிறுத்திவிட்டு, இருளில் காத்திருக்க வேண்டும். அக்காத்திருப்பில் வேறெந்த நினைவும் என்னை அணுகவில்லை. பல மாதங்களில் அதுவே முதல்முறை. எனினும் அன்று எனக்கு வாய்த்த நல்ல படம் மலையன்று. பரோக் நிலையத்தில் தேநீர்க் குவளையை ஏந்திய ஒரு முதியவரின் கைகள். அவர் இசைவு பெற்றே எடுத்தேன்.

இப்பொழுது ஞாயிறுதோறும் தில்லிக்குள்ளேயே புறப்படுகிறேன். சென்ற வாரம் கரோல்பாக் சந்தையில் முருங்கைக்காய்க் கட்டுகளைப் படமெடுத்தேன். விற்றவர், “ஒரு கட்டு வாங்குங்களேன்” என்றார். வாங்கினேன். ஒருவனுக்கு அது மிகுதி. பாதியை அண்டை வீட்டிற்குக் கொடுத்துவிட்டுச் சாம்பார் வைத்தேன்.