அரசு லிங்க் விலைக்குக் கிடைக்காது

ஓசூர் சிப்காட் பக்கம் சின்னப் பட்டறை வச்சிருக்கீங்களா? "அரசு, கல்லூரி இணையதளங்கள்ல உங்க கம்பெனி லிங்க்கைப் போட்டுத் தர்றோம், பெங்களூருல தேடினாலும் கூகுள்ல நீங்கதான் முதல்ல வருவீங்க" என்று போன் வந்தால் பணம் கட்டிடாதீங்க.

ஒரு தளம் இன்னொரு தளத்துக்குத் தரும் லிங்க்கைப் பரிந்துரை போல எடுத்துக்கொள்ளும் முறையோடுதான் 1998-இல் கூகுள் தொடங்கியது. ஆனால் முகவரி 'கவ் டாட் இன்' என்று முடிவதற்காக மட்டும் தனி மதிப்பு கிடையாது. தரவரிசைக்காக லிங்க்கை விலைக்கு வாங்குவது கூகுள் விதிக்கு விரோதம். உங்க தளமே பின்னுக்குப் போயிடலாம்.

கூகுள் மேப்பில் பட்டறையைச் சேருங்க. என்ன உதிரிபாகம் செய்றீங்கன்னு தமிழிலும் கன்னடத்திலும் தெளிவா எழுதுங்க. அரசுப் பதிவு வேணும்னா, உத்யம் தளத்தில் நீங்களே பதியலாம். இதுக்கெல்லாம் கட்டணமே இல்லை.